பூ வாடிய பிறகும் பதில் சொல்கிற நர்சரி

நர்சரிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் செடி வாங்கிவந்த வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். பூ நிற்கும், இலை பளபளக்கும், ஐந்து நட்சத்திரம் விழும். கிழங்குச் செடி விற்கிற கடைக்கு அந்த அளவுகோல் சரிவராது. வாங்கிவந்த கிழங்கில் வருகிற முதல் பூ, போன பருவத்திலேயே அதற்குள் உருவாகிவிட்டது. யார் விற்றாலும், யார் தண்ணீர் ஊற்றினாலும் அது வெளியே வந்துவிடும். பூ வாடி, தண்டு சாய்ந்து, நாலைந்து இலை மட்டும் நிற்கும்போது அந்தத் தொட்டியை என்ன செய்வது என்று போய்க் கேட்டால் கடைக்காரர் என்ன சொல்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். அதனால்தான் சித்திரை கழிந்து, என் மாடியில் அமரில்லிஸ் என்ற கிழங்குச் செடிகள் எல்லாம் பூத்து ஓய்ந்த பிறகு இதை எழுதுகிறேன்.

கடை, மூலக்கடையிலிருந்து மாதவரம் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பச்சை வலை கட்டிய கொட்டகை, வாசலில் அடுக்கிய சிமெண்ட் தொட்டிகள், ஓரமாக மண் மூட்டை ஏற்றிய ஒரு மீன்பாடி வண்டி, இவைதான் அடையாளம். கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து நடத்துகிறார்கள். கிழங்கு விஷயம் முழுக்க அக்கா கையில். அண்ணன் ரோஜா, மா, எலுமிச்சை ஒட்டுக் கன்றுகளைப் பார்த்துக்கொள்கிறார். எனக்கு வீடு தண்டையார்பேட்டை. வீட்டிலேயே தையல் வேலை, மேலே மொட்டைமாடியில் தோட்டம். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை வழியாகப் போனால் கொஞ்சம் நெரிசல்தான், ஆனாலும் கிழங்கு என்றால் வேறு கடைக்குப் போக மனம் வருவதில்லை.

காரணத்தைச் சொல்ல, இந்த வருடம் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். பெங்களூரில் வேலை செய்யும் என் அண்ணன் மகள், ஓர் இணையக் கடையில் வாங்கி ஒரு பெட்டிக் கிழங்கு அனுப்பியிருந்தாள். துலிப், ஹயசிந்த், டாஃபோடில் என்ற குளிர்நாட்டுப் பூக்கள் மூன்றும் கலந்தது. குளிரூட்டிய கிழங்குகள், அப்படியே நடலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தது. அது உண்மைதான். மார்கழியில் நட்டேன், தை மாதத்தில் துலிப் பூத்தது. தண்டு குட்டையாக, பூ சின்னதாக இருந்தாலும் என் மாடியில் துலிப்! பக்கத்து வீட்டு ஆயா பேரனைக் கூட்டிவந்து படம் எடுத்துக்கொண்டார். ஹயசிந்த் மணம் படிக்கட்டு வரை இறங்கியது. டாஃபோடில் இலையோடு நின்றுவிட்டது. அதே பெட்டியில் இன்னொரு வரியும் இருந்தது: வருடாவருடம் பூக்கும் என்று. அந்த வரியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வாடிய துலிப்பைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். கையால் மண்ணைக் கிளறி, கிழங்கை வெளியே எடுத்துக் காட்டினார். நட்ட கிழங்கு அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் காய்ந்த தோலும், சாம்பார் வெங்காயத்தைவிடச் சின்னதாக மூன்று குட்டிகளும் இருந்தன. "இத்த வச்சினு என்னாம்மா பண்ணப்போற? உரக்குழில போட்டுடு. இது நம்ம ஊருக்கு வந்து போற விருந்தாளி" என்றார். தன்னிடம் இருக்கும் எந்த மருந்தையும், எந்த உரத்தையும் என் தலையில் கட்டப் பார்க்கவில்லை.

அவர் சொன்னது சரிதான். துலிப்பில் தாய்க்கிழங்கு பூத்த கையோடு கரைந்துபோகும். அதன் பக்கத்தில் முளைக்கிற குட்டிகள்தான் அடுத்த வருடத்துக்கு. அந்தக் குட்டிகள் பருக்க வேண்டுமென்றால் பூ போன பிறகும் பல வாரம் இலை பச்சையாக நின்று உணவு சேர்க்க வேண்டும், அதற்குக் குளிர்ந்த வசந்தம் வேண்டும். இங்கே மாசி பிறந்தாலே வெயில் ஏறி இலை காய்ந்துவிடுகிறது. அப்புறம், பூத்தண்டு நீள்வதற்கு 12 முதல் 16 வாரம் வரை 9 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். சென்னையில் தை மாத இரவுகளில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. காஷ்மீரில், ஸ்ரீநகர் தோட்டத்தில், பங்குனி வாக்கில் லட்சக்கணக்கில் துலிப் பூக்கிறதென்றால் அது அந்த மலைக்குளிரின் வேலை. நல்ல குளிர் அடிக்கிற தில்லியிலேயே சாந்திபத் சாலையில் நடுவதற்கு ஒவ்வொரு குளிர்காலமும் நெதர்லாந்திலிருந்து புதுக் கிழங்கு வரவழைக்கிறார்கள்.

ஃபிரிட்ஜில் வைத்தால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு: புதிதாக வாங்கிய பருத்த கிழங்கென்றால் ஆகும். காகிதப் பையில் போட்டு, காய்கறித் தட்டில் மூன்று மாதம் வைக்கலாம். அதே இடத்தில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருக்கக் கூடாது. பழம் விடுகிற எத்திலீன் வாயுவில் உள்ளே இருக்கும் மொட்டு செத்துவிடும். ஆனால் பூத்து முடிந்து இளைத்த குட்டியை ஃபிரிட்ஜில் மூன்று மாதம் வைத்து எடுத்தால் ஓர் இலை வரும், அவ்வளவுதான். அந்த இடத்தில் இட்லி மாவு வைத்துக்கொள்ளலாம். துலிப், ஹயசிந்த், டாஃபோடில் மூன்றையும் ஒரு பருவத்துப் பூங்கொத்து வாங்கியதாக நினைத்து ரசித்துவிட்டு, வாடியதும் உரக்குழிக்கு அனுப்புங்கள். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. இதை விற்கும்போதே சொல்லியிருந்தால் அந்த இணையக் கடை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது.

இனி, தூக்கிப்போடக் கூடாத கிழங்குகளுக்கு வருகிறேன். அமரில்லிஸ் என்று எல்லா நர்சரியிலும் விற்கிறார்களே, சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளையில் சிவப்புக் கோடு என்று ஒலிபெருக்கிக் குழல் வடிவப் பூ, அது முதலில். தாவரவியலில் அதற்கு ஹிப்பியாஸ்ட்ரம் என்று பெயர். தென் அமெரிக்காவில் பிறந்தது, வெயிலும் மழையும் மாறிமாறி வருகிற இடத்துக்குப் பழகியது, அதனால் நம் ஊரில் குளிர்பெட்டி எதுவும் இல்லாமலே பங்குனி சித்திரையில் பூத்துவிடுகிறது. இந்தக் கடையில் பூக்கும் அளவுக் கிழங்கு 80 ரூபாயிலிருந்து 150 வரை. கலப்பு நிறம், இரட்டை அடுக்கு என்றால் இன்னும் கூடும்.

பூ வாடியதும் நம் மாடிகளில் நடக்கிற கொடுமை என்னவென்றால், பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று இலையையும் சேர்த்து வெட்டிவிடுவது. சிலர் இலைகளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்கள். அக்கா இதற்கு மட்டும் குரலை உயர்த்துவார். "இலை தாம்மா அதுக்கு அடுப்படி. அத்த மூடிட்டா எங்கேர்ந்து சோறு வரும்?" என்பார். அமரில்லிஸ் நாலு இலை விட்டால் உள்ளே ஒரு பூத்தண்டுக்கு அடித்தளம் போடுகிறது. சித்திரையிலிருந்து ஐப்பசி வரை எத்தனை இலை நன்றாக வளர்கிறதோ, அதை வைத்துத்தான் அடுத்த வருடம் ஒரு தண்டா, இரண்டு தண்டா என்பது முடிவாகிறது. வாடிய பூவை மட்டும் கிள்ளிவிட வேண்டும், விதைக்காய் பிடித்தால் கிழங்கின் சத்து அங்கே போய்விடும். பச்சைத் தண்டை விட்டுவைத்து, மஞ்சளான பிறகு அடியில் வெட்டலாம். அந்தத் தண்டும் கொஞ்சம் உணவு சமைக்கிறது.

நான் தண்டையார்பேட்டை என்று சொன்னதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "போர் தண்ணியா, மெட்ரோ தண்ணியா?" என்பதுதான். வடசென்னையில் கடலோரமாக இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் கட்டும், இலை நுனி பழுப்பாகக் கருகும். பூச்சி என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் உண்டு. அது உப்பு. அக்கா சொன்ன வழி: மெட்ரோ தண்ணீர், அதாவது வாரியக் குடிநீர், வரும் நாளில் ஒரு குடத்தைச் செடிக்கென்று ஒதுக்கி, அவ்வப்போது தொட்டியின் அடித்துளை வழியாக ஓடும் வரை ஊற்றி மண்ணைக் கழுவிவிடுவது. ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது, உப்பு முழுக்க அதில்தான் சேர்ந்து நிற்கிறது. அரிசி கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம்.

உரத்துக்கும் கடையிலேயே வாங்கு என்று சொல்லவில்லை. மண்புழு உரமும் வேப்பம்புண்ணாக்கும் மட்டும் எடுத்துக் கொடுத்தார். சாம்பல் சத்துக்கு எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரரிடம் கரிச்சாம்பல் வாங்கிக்கொள்ளச் சொன்னார். தைத்த துணி இஸ்திரிக்குப் போய் வரும்போது ஒரு பொட்டலம் சாம்பலும் சேர்ந்து வருகிறது இப்போது. மாதம் ஒரு ஸ்பூன் போதும், அள்ளிப் போடக் கூடாது. உப்புத் தண்ணீர் பாயும் மண்ணில் சாம்பலும் அதிகமானால் காரத்தன்மை ஏறிவிடும் என்பதையும் அவரே எச்சரித்தார். இப்படி இடம் பார்த்து, தண்ணீர் பார்த்துச் சொல்வதற்கு அனுபவம் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டைமாடித் தளம் காலை வைக்க முடியாமல் கொதிக்கும்போது, தொட்டிகளைக் காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குச் சுவரோரம் நகர்த்திவிடுவது நல்லது. இந்த மாதத்தில் இலை கருகினால் கிழங்குக்குத்தான் நஷ்டம்.

இந்தக் கடையை மற்ற கடைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது ஒரு சேவை. பூத்து முடிந்த கிழங்குத் தொட்டியை எடுத்துப்போனால், கிழங்கை வெளியே எடுத்து, அழுகிய வேரை வெட்டி, பக்கத்தில் முளைத்த குட்டிகளைப் பிரித்து, புது மண் கலவையில் திரும்ப நட்டுத் தருகிறார்கள். தொட்டிக்கு 50 ரூபாய், மண் அதிலேயே அடக்கம். கிழங்கின் கழுத்தும் தோளும் மண்ணுக்கு மேலே தெரிய வைக்கிறார்கள், கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடம் மட்டும் விட்டு இறுக்கமான தொட்டியில் நடுகிறார்கள். இரண்டுமே சரி. பெரிய தொட்டியில் ஆழப் புதைத்தால் குட்டி நிறைய வரும், பூ வராது. பிரித்த குட்டிகள் வேண்டாமென்றால் அவர்களே எடுத்துக்கொண்டு பதிலுக்கு மழை லில்லிக் கிழங்கு ஒரு கைப்பிடி தருகிறார்கள். குட்டி பூப்பதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். மாடியில் இடமில்லாதவர்களுக்கு இந்தப் பண்டமாற்று நியாயமானது. எனக்கு இடம் இருந்தாலும் சிலதைக் கொடுத்துவிட்டேன், மழை லில்லி அவ்வளவு பிடிக்கும். வெயிலில் வாடிக் கிடந்துவிட்டு, ஒரு நல்ல மழை பெய்த சில நாளில் தொட்டி முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். அதற்கு ஒரு பராமரிப்பும் வேண்டாம்.

சம்பங்கிக்கும் இதே கடைதான். பத்ரியன் தெருவில் முழம் போட்டும் மாலையாகவும் விற்கிற அதே சம்பங்கி. மெக்சிகோவில் பிறந்த செடி என்றால் நம்ப முடியாத அளவுக்கு நம் கோயில்களோடு கலந்துவிட்டது. இங்கே பிரஜ்வல் ரகம் தருகிறார்கள், பெங்களூர் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. மொட்டில் லேசாக ரோஸ் நிறம் தெரியும், விரிந்தால் சுத்த வெள்ளை. சம்பங்கியில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. பக்கத்துக் கிழங்குகள்தான் அடுத்தடுத்துப் பூக்கும். அதனால் ஒரு கதிர் முடிந்ததும் அதை மட்டும் வெட்டிவிட்டு, கொத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் தொட்டி நெருக்கடியாகி, கதிர் மெலியும். அப்போது தோண்டிப் பிரித்து, 25 கிராமுக்குக் குறையாத கிழங்குகளைத் தேர்ந்து நட வேண்டும். அக்கா தராசில் போட்டே காட்டுவார். சின்னக் கிழங்கை விலை பேசி விற்கிற கடைகளையும் நான் பார்த்திருக்கிறேன், ஆகவே இந்தத் தராசுக்கு என் மரியாதை.

குறைகளும் இருக்கின்றன. விலை எதிலும் எழுதியிருக்காது, அண்ணன் ஒன்று சொல்வார், அக்கா ஒன்று சொல்வார். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் புதிதாகப் போகிறவருக்குச் சந்தேகம் வரும். பூ இல்லாத நேரத்தில் அமரில்லிஸ் கிழங்கு வாங்கினால் நிறத்துக்கு உத்தரவாதம் கிடையாது. வெள்ளை என்று வாங்கிய ஒன்று எனக்குச் சிவப்பாகப் பூத்தது, கேட்டதற்கு மாற்றித் தந்தார்கள், ஆனால் ஒரு வருடம் போனது போனதுதான். வாங்குவதாக இருந்தால் பங்குனியில் பூவோடு பார்த்து வாங்குங்கள். அடுத்தது மண் கலவை. செம்மண் அதிகம் போடுகிறார்கள். கோடையில் பரவாயில்லை, வடகிழக்குப் பருவமழையில் அது களியாகிக் கிழங்கை அழுகவைக்கும். நான் வீட்டுக்கு வந்ததும் ஆற்றுமணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்துகொள்கிறேன். நீங்கள் முன்கூட்டியே சொன்னால் அவர்களே மணல் கூட்டிக் கலந்து தருவார்கள், கேட்க வேண்டும். இன்னொன்று, பூச்சி விஷயத்தில் இவர்கள் கொஞ்சம் அலட்சியம். கருப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் சிவப்பு ஆரஞ்சுப் புள்ளியும் வைத்த லில்லிப் புழு மழைக்காலத்தில் ஸ்பைடர் லில்லி, அமரில்லிஸ் இரண்டையும் ஒரு ராத்திரியில் மொட்டையடித்துவிடும். அவர்கள் தொட்டிகளிலேயே அதைப் பார்த்திருக்கிறேன். எதை வாங்கினாலும் இலையின் அடிப்பக்கத்தையும், கழுத்து மடிப்பில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.

மழைக்காலம் பற்றி அவர்கள் சொல்லும் யோசனையை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். கார்த்திகையில் அமரில்லிஸ் தொட்டிகளை சன்ஷேடுக்கு அடியில் தள்ளித் தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும், மார்கழி, தையில் கிட்டத்தட்ட நிறுத்திவிட வேண்டும், மாசியில் மறுபடி ஆரம்பிக்கலாம். அந்த ஓய்வுக்குப் பிறகு வருகிற தண்டுக்குத் தனி உறுதி இருக்கிறது. இடமில்லாதவர்கள் கிழங்கைத் தோண்டி நிழலில் உலர்த்திக் காய்ந்த மணலில் வைக்கலாம். அதையும் கடையில் செய்து கொடுக்கிறார்கள். அந்தக் கிழங்குகளைச் சமையலறைப் பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள். அமரில்லிஸ், டாஃபோடில் இரண்டுமே தோல் உரித்தால் வெங்காயம் என்றே நினைக்கத் தோன்றும், இரண்டிலும் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. வீட்டில் பூனை, நாய், தவழும் குழந்தை இருந்தால் உயரத்தில் வையுங்கள். அக்கா கிழங்கைக் காகிதத்தில் சுற்றித் தரும்போது மேலே பேனாவால் "பூ" என்று எழுதித் தருகிறார். சொல்லாமலே செய்கிறார்.

என் கணக்கில் ஐந்துக்கு நாலரை. நிறம் மாறிய கிழங்குக்காகவும் அந்தக் களிமண்ணுக்காகவும்தான் அரை குறைந்தது.

காலையில் போங்கள், பத்து மணிக்குள் அக்கா நிச்சயம் இருப்பார், ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை. முழு நாள் இருந்தால் பக்கத்திலேயே பால்பண்ணை அருகில் தோட்டக்கலைத் துறையின் மாதவரம் தாவரவியல் பூங்காவையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வரலாம். இப்போது கடையில் ஃபுட்பால் லில்லி மொட்டோடு வந்திருக்கிறது, மே மாதத்தில் மட்டும் ஒரு சிவப்புப் பந்து பூக்குமே, அது. விரிந்த பூவை எடுக்காமல், மொட்டின் நுனி மட்டும் மண்ணுக்கு மேலே தெரிகிற கிழங்காகப் பார்த்து எடுங்கள், வீட்டில் வந்து விரியும். பூ போன பிறகுதான் அதற்கு இலை முழுசாக வரும், அதை ஐப்பசி வரை காப்பாற்றுங்கள். அதற்குப் பிறகு இலை மடிந்து தொட்டியில் வெறும் மண்தான் தெரியும், ஆகவே தொட்டி மேல் பெயின்டால் பெயர் எழுதி வைத்துவிடுங்கள்.